டச்சப் இல்லாத படம்

நர்ஸ்: ...அதுக்கில்ல அண்ணே. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். ஆட்டுக்காரருக்கு எதுக்குக் கோட்டு?

போட்டோக்காரர்: அவரே கேட்டாரு.

நர்ஸ்: அவர் கேப்பாரு. நீங்க போட்டு விட்டுடுவீங்களா?

போட்டோக்காரர்: கழுத்துல புண்ணு சிஸ்டர். கோட்டு காலரைக் கொஞ்சம் ஏத்தி வச்சா மறைஞ்சிடும். டையும் சேத்தே கம்ப்யூட்டர்ல மாட்டி விட்டேன். டை இல்லாம வெறும் கோட்டு போட்டா பேண்டு வாசிக்க வந்தவர் மாதிரி இருக்கும்.

நர்ஸ்: அந்தப் புண்ணைத்தானே படம் எடுக்கச் சொன்னேன் அண்ணே.

போட்டோக்காரர்: புண்ணு இருக்கறவங்களப் படம் எடுக்கணும்னு சொன்னீங்க. எடுத்தேன்.

நர்ஸ்: புண்ணோட எடுக்கணும்.

போட்டோக்காரர்: எடுக்கும்போது புண்ணோடதான் எடுத்தேன். அப்புறம் கம்ப்யூட்டர்ல உக்காந்து வழக்கமா பண்றதப் பண்ணேன்.

நர்ஸ்: எல்லாருக்குமா?

போட்டோக்காரர்: ஒருத்தருக்குப் பண்ணி ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு நான் கடை திறக்க முடியுமா?

மனைவி: என்னம்மா, வந்ததுலேருந்து அவரைப் போட்டு வறுத்துக்கிட்டு இருக்க. இவர் கை பட்டு இந்த ஊர்ல ஒரு மூஞ்சி கெட்டுச்சுன்னு யாராவது சொல்லட்டும்.

நர்ஸ்: வாங்க அண்ணி. உங்களைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். அன்னிக்கி எல்லாருக்கும் பவுடர் போட்டு விட்டது யாரு?

மனைவி: யாரு போடுவா, பக்கத்துக் கடை சைக்கிள்காரனா? பவுடர் போடாம ஒரு ஆளை நான் இந்த ஸ்டூல்ல உக்கார வச்சதில்ல. இவரைக் கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து அதான் பழக்கம்.

நர்ஸ்: புண்ணு மேலயுமா?

மனைவி: அங்க கொஞ்சம் கெட்டியா.

நர்ஸ்: நல்லா இருக்கு. புருஷன் ஒரு பக்கம் பெயிண்ட் அடிக்கிறாரு, பொண்டாட்டி ஒரு பக்கம் பூசி விடுறீங்க. நான் எந்த ஊருக்கு மருந்து கேட்டேன்னு எனக்கே சந்தேகமா இருக்கு.

மனைவி: முதல்ல உக்காரு. டீ சொல்றேன். அந்த மாஸ்க்கைக் கழட்டிட்டு மனுஷி மாதிரி பேசு.

நர்ஸ்: ஜலதோஷம் அண்ணி.

மனைவி: போன மாசமும் ஜலதோஷம்னு சொன்ன.

நர்ஸ்: அதேதான் இன்னும் போகல. டீ வேணாம். மருந்து வண்டி பொழுது சாயறதுக்குள்ள நம்ம ஊரைத் தாண்டிடும். அதுக்குள்ள எனக்குப் படம் வேணும்.

போட்டோக்காரர்: எந்த வண்டி?

நர்ஸ்: இந்தப் புண்ணுக்கு ஊசி மருந்து வச்சிருக்கற வண்டி. அடுத்த வட்டத்துக்குப் போகுது, வழியில நம்ம ஊரு. தலைமை ஆஸ்பத்திரி டாக்டர் ஃபோன் பண்ணி 'இறக்கு'ன்னா டிரைவர் இங்க ஒரு பெட்டி இறக்குவாரு. சொல்லலைன்னா கையை ஆட்டிட்டுப் போவாரு. அடுத்து எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது.

போட்டோக்காரர்: டாக்டர் நேர்ல வந்து பாத்துட்டுப் போனா என்ன?

நர்ஸ்: அவர் ஒருத்தரு, ஊர் நூறு. அதான் படம் அனுப்பச் சொன்னாரு. முதல்ல என் ஃபோன்லதான் எடுத்து அனுப்பினேன். லென்ஸ் கீறல் விழுந்து கிடக்குதே, எல்லா மூஞ்சியும் மேகமூட்டமா போயிருக்கு. 'ஏதோ இருக்கற மாதிரிதான் தெரியுது, நல்ல கேமராவுல எடுத்து அனுப்பும்மா'ன்னாரு. நானும் நம்ம அண்ணன்தான் இருக்காரேன்னு...

மனைவி: அனுப்பறதுக்கு முன்னாடி நீ ஒரு தடவை பாத்திருக்கலாமில்ல?

நர்ஸ்: தடுப்பூசி நாள் அண்ணி. மடியில ஒரு குழந்தை, தோள்ல ஒரு குழந்தை. அண்ணன் என் ஃபோன்ல ஏத்திவிட்டாரு, நான் அப்படியே தள்ளிவிட்டேன்.

போட்டோக்காரர்: டாக்டர் என்ன சொன்னாரு? படம் நல்லா இருந்துச்சாமா?

நர்ஸ்: ரொம்ப நல்லா இருந்துச்சாம்.

போட்டோக்காரர்: பாத்தீங்களா.

நர்ஸ்: 'இவ்வளவு நல்ல தோல் இருக்கற ஊரை என் சர்வீஸ்லயே பாத்ததில்லம்மா'ன்னாரு.

மனைவி: கெட்டியா போட்டது வீண் போகல.

நர்ஸ்: முதல்ல அனுப்பின மேகமூட்டத்தையும், அப்புறம் அனுப்பின உங்க படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்திருக்காரு. நடுவுல நான் எல்லாரையும் குணப்படுத்திட்டேன்னு நினைச்சிட்டாரு. மருந்தே இல்லாம, சுத்தத்தாலயே. எனக்குப் பாராட்டுப் பத்திரம் குடுக்கப் போறாங்களாம்.

மனைவி: அடிப்பாவி.

போட்டோக்காரர்: ஃபிரேம் நான் போட்டுத் தர்றேன்.

நர்ஸ்: அண்ணே...

போட்டோக்காரர்: சும்மா சொன்னேன் சிஸ்டர்.

மனைவி: சரி, இதுல இப்ப குடி முழுகிப் போற மாதிரி என்ன இருக்கு? விருந்தாளிப் புண்ணுதானே. வரும், ஒரு வருஷம் உக்காந்து சாப்பிடும், போயிடும். வலிக்கவா போகுது?

நர்ஸ்: அதான் அண்ணி பிரச்சனையே. வலிச்சா ஓடி வருவீங்க. நடுவுல பள்ளம், சுத்தி வரப்பு கட்டின மாதிரி மேடு... வலி இல்ல. ஆறுறப்போ சும்மா ஆறாது, சுத்தி இருக்கற சதையை இழுத்துக்கிட்டு ஆறும். பால்காரர் மகளைப் பாத்தீங்கல்ல, சிரிச்சா ஒரு பக்க உதடு மேல ஏறிக்குது. சீக்கிரமே புண்ணைச் சுத்தி ஊசி போட்டிருந்தா தழும்பு சின்னதா போயிருக்கும்.

போட்டோக்காரர்: அந்தப் பொண்ணு படத்துல உதட்டை இறக்கி வச்சிருக்கேன்.

நர்ஸ்: படத்துல இறக்கி வச்சிட்டீங்க. வீட்ல அது யார்கிட்டயும் சிரிக்கறதில்ல.

போட்டோக்காரர்: ...அவ அம்மாதான் இன்னொரு பிரதி வேணும்னு கேட்டுச்சு. பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக் குடுக்கணுமாம். ஒரே வேலையில ரெண்டு காரியம் ஆகட்டும்னாங்க. எல்லாரும் அப்படித்தான் சிஸ்டர். சர்க்கார் செலவுல படம்னதும் இருக்கறதுலயே நல்ல சட்டையைப் போட்டுக்கிட்டு வந்தாங்க. அவங்ககிட்டப் போயி, 'அந்தப் புண்ணைக் கொஞ்சம் காட்டுங்க'ன்னு எப்படிக் கேக்குறது?

நர்ஸ்: நான் தினமும் அதைத்தான் கேக்குறேன்.

போட்டோக்காரர்: நீங்க மருந்து குடுக்கறவங்க. நான் படம் குடுக்கறவன்.

மனைவி: எனக்கு ஒண்ணு புரியல. இது எப்படித்தான் பரவுது? பக்கத்துல உக்காந்தா வந்துடும்னு பால்காரர் வீட்டுக்கு இப்ப யாருமே போறதில்ல.

நர்ஸ்: தொட்டா ஒட்டாது, பக்கத்துல உக்காந்தா வராது. மணல் ஈன்னு ஒண்ணு இருக்கு. கொசுவை விடச் சின்னது, சத்தமும் போடாது. சாதாக் கொசுவலை ஓட்டைக்குள்ள பூந்து வந்துடும். பகல்ல எலி வளை, மாட்டுத்தொழுவம், சுவர் விரிசல்னு இருட்டா எங்க இருக்கோ அங்க படுத்துக் கிடக்கும். பொழுது சாஞ்சதும் வெளிய வந்து, புண்ணுக் கிருமி இருக்கற எலியையோ ஆளையோ கடிச்சிட்டு நம்மளைக் கடிக்கும்.

மனைவி: சுவர் விரிசலா?

நர்ஸ்: ஆமா.

மனைவி: ஏங்க, கேட்டுச்சா?

போட்டோக்காரர்: கேட்டுச்சு.

மனைவி: இந்த ஸ்கிரீனைத் தூக்கிப் பாரும்மா. பின்னாடி கை நுழையற அளவுக்கு விரிசல். மூஞ்சியில ஒரு கோடு இருந்தா ராத்திரி பூரா உக்காந்து அழிப்பாரு. சுவர்ல இருக்கறதுக்கு ஒரு கரண்டி சிமெண்டு வைன்னு நான் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ஞ்சு போச்சு. நீலத் துணியைப் போட்டு மூடிட்டாரு.

போட்டோக்காரர்: இது கடைத்தெரு. இங்கெல்லாம் அது வராது. அது தொழுவத் தெருக்காரங்களுக்கு வர்றது.

நர்ஸ்: முதல்ல எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. அப்புறம் மேட்டுத் தெருவுக்கு வந்துச்சு. மேட்டுத் தெருக்காரங்க, 'இது புது வீடு கட்ட வந்த ஆளுங்க கொண்டு வந்தது'ன்னாங்க. ஈக்குத் தெரு பேரெல்லாம் தெரியாது அண்ணே.

போட்டோக்காரர்: எங்க வீட்ல யாருக்கும் இல்லையே.

நர்ஸ்: உங்க காதுல இருக்கறது என்ன?

போட்டோக்காரர்: எது?

நர்ஸ்: இடது காது. நுனியில.

போட்டோக்காரர்: கேமரா வார் உரசினது.

மனைவி: கேமராவை வலது தோள்லதானே மாட்டுவீங்க. திரும்புங்க. திரும்புங்கன்னா. எத்தனை நாளா இது?

போட்டோக்காரர்: வலிக்கல.

மனைவி: வலிக்கலையாம். இதுக்குத்தான் ரெண்டு மாசமா முடியை இவ்வளவு வளத்து வச்சிருக்கீங்களா? நான் என்னமோ வயசு திரும்புதுன்னு நினைச்சேன்.

நர்ஸ்: விடுங்க அண்ணி. காதுல வந்தா மத்த இடத்தை விட மெதுவாத்தான் ஆறும், ஆனா ஊசி போட்டா ஆறும். அதுக்குப் பெட்டி இறங்கணும். பெட்டி இறங்கணும்னா படம் வேணும். டச்சப் பண்றதுக்கு முந்தின படம் இருக்கும்ல, அதைக் குடுங்க போதும்.

போட்டோக்காரர்: இல்லையே.

நர்ஸ்: இல்லன்னா?

போட்டோக்காரர்: இருக்கறது ஒரே மெமரி கார்டு. கல்யாண ஆர்டர் ஒண்ணு வந்துச்சு, அழிச்சிட்டேன். அழகான படம்தான் கைவசம் இருக்கே, அசிங்கமானது எதுக்குன்னு...

நர்ஸ்: கடவுளே.

போட்டோக்காரர்: பதறாதீங்க. ஒரு வழி இருக்கு. எடுத்ததை நானே திரும்ப வச்சிடறேன்.

நர்ஸ்: எதை?

போட்டோக்காரர்: புண்ணை. யாருக்கு எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கு. இந்தாங்க, நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஒண்ணு பண்ணிப் பாத்தேன். பள்ளிக்கூடத்து வாத்தியார். எப்படி இருக்கு?

நர்ஸ்: வாத்தியாருக்கு ஒரு கன்னத்துலதானே இருந்துச்சு. இதுல ரெண்டு கன்னத்துலயும் இருக்கே.

போட்டோக்காரர்: ஒரு பக்கம் மட்டும் இருந்தா ஒரு மாதிரி சாஞ்சு தெரிஞ்சுது.

மனைவி: நெத்தியில இருக்கறது?

போட்டோக்காரர்: அது அவருக்கு அப்பவே இருந்த மச்சம். கொஞ்சம் பெருசு பண்ணேன்.

நர்ஸ்: அண்ணே, நிஜத்தை அழிச்சிட்டுப் பொய்யை அனுப்பினோம். இப்ப அந்தப் பொய்யை அழிச்சிட்டு இன்னொரு பொய்யால நிஜத்தை வரையலாம்ங்கறீங்க. என் தலையே சுத்துது.

போட்டோக்காரர்: டாக்டருக்குத் தெரியவா போகுது?

நர்ஸ்: தெரியும். அவர் இருபது வருஷமா இதையே பாக்கறவரு. இப்படி ஜோடி ஜோடியா புண்ணு எங்கயும் வராது.

மனைவி: இவ்வளவு கஷ்டம் எதுக்கு? டாக்டருக்கு ஃபோனைப் போடு. 'இப்படி ஆகிப்போச்சு சார், எங்க ஊரு போட்டோக்காரர் ஒரு அரை லூசு'ன்னு சொல்லு. தீர்ந்துச்சு.

நர்ஸ்: காலையில அவரே கூப்பிட்டாரு. அப்பவே சொல்லியிருக்கலாம்.

மனைவி: சொல்லலையா?

நர்ஸ்: 'அப்ப மருந்து வேணாம்தானேம்மா'ன்னாரு.

மனைவி: நீ என்ன சொன்ன?

நர்ஸ்: 'சரிங்க சார்'னு சொன்னேன்.

போட்டோக்காரர்: நீங்களா சிஸ்டர்?

நர்ஸ்: பாராட்டுப் பத்திரத்தோட டவுனுக்கு மாறுதலும் தர்றாங்களாம். மூணு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன். நிச்சயம் பண்ணியிருக்கற மாப்பிள்ளை வீடும் டவுன்லதான், அவரோட ஜவுளிக்கடைக்கு மேல் மாடி. ஒரு மூச்சுல எல்லாம் கூடி வருதேன்னு நினைச்சேன். 'சரிங்க சார்'னு வாய் முந்திக்கிச்சு. ஃபோனை வச்சிட்டு வெளிய வந்தா வாசல்ல ஆட்டுக்காரர் உக்காந்திருக்காரு. 'ஊசி எப்ப வரும் தாயி'ங்கறாரு. கழுத்துல ஈ மொய்க்குது, அதைத் துண்டால விசிறிக்கிட்டே கேக்குறாரு. கையில அந்தக் கோட்டு போட்ட படம் வேற. பத்திரமா பிளாஸ்டிக் பையில போட்டு வச்சிருக்காரு. அதைப் பாத்துட்டுதான் கிளம்பி வந்தேன்.

போட்டோக்காரர்: சரி. அப்ப திரும்ப எடுத்துடலாம். ஆளுங்கள வரச் சொல்லுங்க. இந்தத் தடவை கை வைக்க மாட்டேன்.

மனைவி: நானும் பவுடர் டப்பாவை உள்ள வச்சிடறேன். ஆனா பவுடர் இல்லாம எவ வருவா?

நர்ஸ்: வருவாங்க. திரும்ப எடுக்க வேண்டி வரலாம்னு நான் வீடு வீடா சொல்லிட்டுதான் வந்தேன். ஆட்டுக்காரர் கூட்டிக்கிட்டு வர்றாரு. கோட்டு இல்லையான்னு கேட்டாரு. இல்லைன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாரு, சரின்னுட்டாரு.

போட்டோக்காரர்: அப்ப பிரச்சனை தீர்ந்துச்சு.

நர்ஸ்: தீரல அண்ணே. காலையில 'மருந்து வேணாம்'னு சொன்னவ, சாயங்காலம் அதே ஆளுங்கள புண்ணோட அனுப்பறேன். டாக்டர் என்ன நினைப்பாரு? நேத்து கோட்டு வரைஞ்சவங்க இன்னிக்கிப் புண்ணு வரைஞ்சிருக்காங்கன்னுதான் நினைப்பாரு.

மனைவி: அதுவும் சரிதான். ஒரு தடவை பொய் சொன்ன வாய்.

போட்டோக்காரர்: அவர் நம்பற மாதிரி ஒரு மூஞ்சி வேணும். அவருக்குத் தெரிஞ்ச மூஞ்சியா.

நர்ஸ்: ஆமா.

போட்டோக்காரர்: இந்த ஊர்ல அவருக்கு யாரைத் தெரியும்?

நர்ஸ்: ...ஷோகேஸ்ல மாட்டியிருக்கற என் படத்தை எடுத்துடுங்க அண்ணே.

போட்டோக்காரர்: அதை எதுக்கு சிஸ்டர்? நான் எடுத்ததுலயே அதுதான் நல்ல படம். பஸ்ஸுக்கு நிக்கறவங்க எல்லாம் நின்னு பாத்துட்டுப் போறாங்க. மாப்பிள்ளை வீட்டுல அதைப் பாத்துதானே உடனே சரின்னாங்க.

நர்ஸ்: எடுத்துடுங்க.

மனைவி: அவ சொன்னா எடுங்களேன். அவ மூஞ்சி, அவ இஷ்டம்.

போட்டோக்காரர்: சரி, எடுத்துட்டேன். ஆளுங்க வர்றதுக்குள்ள லைட்டைச் சரி பாக்கணும். யாராவது ஸ்டூல்ல உக்காருங்க.

மனைவி: நான் உக்கார்றேன்.

நர்ஸ்: இல்ல அண்ணி. நான் உக்கார்றேன்.

போட்டோக்காரர்: உக்காருங்க. மாஸ்க்கை... இல்ல, வேணாம். லைட்டுக்குத்தானே. மாஸ்க் அப்படியே இருக்கட்டும்.

நர்ஸ்: ஏன் வேணாம்?

போட்டோக்காரர்: ஜலதோஷம்னீங்களே.

நர்ஸ்: அண்ணே. என்னைப் பாத்துச் சொல்லுங்க.

மனைவி: ரெண்டு பேரும் என்ன பேசிக்கிறீங்க? எனக்கு ஒண்ணும்... அதை ஏம்மா இப்பக் கழட்டுற... ஏம்மா. இது... கன்னத்துல இது எப்பத்திலேருந்து?

நர்ஸ்: எனக்குத் தெரிஞ்சு ஒரு மாசமா. அதுக்கு முன்னாடி பருன்னு நினைச்சேன். எப்ப ஆரம்பிச்சுதுன்னு அண்ணனுக்குத்தான் தெரியும்.

மனைவி: இவருக்கு எப்படித் தெரியும்?

போட்டோக்காரர்: ...பொண்ணு பாக்கற படம் எடுத்த அன்னிக்கே இருந்துச்சு. கடுகு அளவு. சுத்தி லேசா வரப்பு கட்டியிருந்துச்சு.

மனைவி: பாத்துமா சொல்லல?

போட்டோக்காரர்: பெருசு பண்ணிப் பாத்தேன். பாத்துக்கிட்டே இருந்தேன். இதைச் சொன்னா அந்தப் படம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகாது. படம் போகலைன்னா... அப்புறம் வழக்கமா பண்றதப் பண்ணேன். ரெண்டு நிமிஷ வேலை. அழிச்சதும் இல்லாமலே போயிட்ட மாதிரி இருந்துச்சு சிஸ்டர்.

நர்ஸ்: எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. தினமும் காலையில மாஸ்க்கைப் போட்டதும் இல்லாமப் போயிடும். மருந்து வேணாம்னு டாக்டர்கிட்ட சொன்னேனே, அப்பவும் இது உள்ளதான் இருந்துச்சு.

மனைவி: ஏங்க, நின்னுக்கிட்டே இருக்கீங்க. வெளிச்சம் போகுது.

போட்டோக்காரர்: சிஸ்டர், இந்தப் பக்கம் திரும்பி... இல்ல, அந்தப் பக்கம்தான். அந்தப் பக்கமே இருக்கட்டும்.

மனைவி: வாசல்ல ஆளுங்க வந்தாச்சு. கோட்டுக்காரர்தான் முன்னாடி நிக்கறாரு.

நர்ஸ்: கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க அண்ணி. அண்ணே, இதுதான் டாக்டருக்கு முதல்ல போகணும். பின்னாடி மத்தவங்களை வரிசையா அனுப்புங்க. 'காலையில சொன்னது பொய், நர்ஸுக்கே இருக்கு'ன்னு கூடவே நான் எழுதிடறேன்.

போட்டோக்காரர்: எழுதுங்க. எடுத்துட்டேன். ஒரு புள்ளி கூடத் தொடல. பாக்கறீங்களா?

நர்ஸ்: வேணாம். இன்னொண்ணு இருக்கு அண்ணே. நிச்சயத்துக்கு முன்னாடி என் படத்தை ஜவுளிக்கடைக்காரருக்கு உங்க ஃபோன்லேருந்துதானே அனுப்பினீங்க. அந்த நம்பர் இன்னும் இருக்கும். ஊர்க்காரங்க வாய் வழியா போறதுக்கு முன்னாடி, இந்தப் படத்தையும் அதே நம்பருக்கு நீங்களே அனுப்பிடுங்க. நான் அனுப்பினா, அவர் பாக்கறதுக்குள்ள அழிச்சிடுவேன்.